ஹிற்றைற் வினையொன்றின் தடம் பிடிப்பது எப்படி

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு ஒப்பியல் மொழியியல் பக்கம் வருபவர்களுக்கு ஹிற்றைற்றின் (இன்றைய துருக்கியில் முற்காலத்தில் பேசப்பட்ட இந்தோ-ஐரோப்பிய மொழி) ஹர்க்- நல்ல பயிற்சி வினை. ‘பிடி, வைத்திரு’ என்பது அதன் பொருள். போகப் போகத் துணைவினையாகவும் ஆகிவிட்டது.

முதலில் அகராதி. சிக்காக்கோ ஹிற்றைற் அகராதி இணையத்தில் இலவசம். ஆனால் அது ‘எல்’ எழுத்தில் தொடங்குவதால் ஹகர வினையை அதில் தேடிப் பயனில்லை. புஹ்வெலின் ஹிற்றைற் வேர்ச்சொல் அகராதியில் 1991இல் வந்த ஹகரத் தொகுதியை எடுங்கள்.

அடுத்து வடிவங்களைப் பிரியுங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ‘பிடிக்கிறான்’ ஹர்-ட்ஸி, மெய்க்கு முன் ககரம் விழும். ‘அழிகிறான்’ ஹர்-அக்-ட்ஸி, ககரம் நிற்கும். இவை வெவ்வேறு வினைகள். பன்மையிலோ இரண்டுமே ஹர்-கன்-ட்ஸி! அப்போது செயப்படுபொருளைத் தேடுங்கள்: இருந்தால் ‘பிடி’, ‘அழி’ அதை ஏற்காது.

பிறகு காலம். ஹிற்றைற்றுகளின் தலைநகரான ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகைகளில் பழைய நூல்களின் பிற்காலப் படிகள் நிறைய. நூல் இயற்றிய காலத்தையும் எழுத்தமைதி காட்டும் படியின் காலத்தையும் தனித்தனி நிரல்களில் குறியுங்கள். கலந்தால், படியெடுத்தவர் புகுத்திய புது வழக்குப் பழையதாகத் தெரியும்.

பொருள் மாறிய இடத்தைப் பிடிக்க நம்மூர்ப் பேச்சே உதவும். “மாட்டக் கட்டி வெச்சிரிக்கான்” என்றால் மாடு இன்னும் கட்டில் நிற்கிறது. எச்சத்தோடு வரும் ஹர்க்- முதலில் இப்படித்தான்: செய்த நிலையிலேயே வைத்திருத்தல். கையில் வைத்திருக்கவே முடியாத ஒன்றோடு வந்தால் அது துணைவினை. ‘இயன் ஹர்மி’ என்றால் ‘செய்திருக்கிறேன்’.

இதற்காக “வந்திரிக்கான்” என்பதற்கும் ஹர்க்- போட்டுவிடாதீர்கள். போதல், வருதல் போன்ற வினைகளுக்கு ஹிற்றைற்றில் எஷ்- (‘இரு’) வரும். நமக்கு இரண்டுக்கும் ‘இரு’ ஒன்றே என்பதால் இது லேசில் கண்ணில் படாது.

வேர் தேடுவதைக் கடைசிக்கு வையுங்கள். லத்தீன் ஆர்க்கேரே (‘அடைத்து வை, தடு’), கிரேக்க ஆர்க்கேயோ (‘தடு’) இரண்டும் இதற்கு உறவு. அவற்றில் முதல் ஹகரம் இல்லை. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் என 1879இல் மொழியியலாளர் சொசூர் கணக்கிட்டுச் சொன்ன மறைந்த ஒலியை 1927இல் இன்னொரு மொழியியலாளரான குரிவோவிச் அடையாளம் கண்டது ஹிற்றைற்றின் இந்த ஹகரத்தில்தான். ஆகவே குறிப்பெடுக்கும்போது ஹகரத்தை அகரமாக்கி எழுதிவிடாதீர்கள்.