ஐந்து மீட்டரில் 250 ஆண்டுகள்: பலூன் முதல் விண்கலம் வரை சுவரில் காலக்கோடு அமைக்கும் முறை

போக்குவரத்து, வானூர்தி, விண்வெளி வரலாற்றைச் சுவரில் காட்சிப்படுத்தும்போது பலரும் நிகழ்ச்சி அட்டைகளைச் சம இடைவெளியில் ஒட்டிவிடுகிறார்கள். அது வெறும் பட்டியல். காலக்கோட்டில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் காலத்தைச் சொல்ல வேண்டும்.

1780 முதல் 2030 வரை எடுத்துக்கொண்டால் 250 ஆண்டுகள். ஆண்டுக்கு 2 செ.மீ. வீதம் 500 செ.மீ. வரும். இரு முனையிலும் 10 செ.மீ. ஓரம் சேர்த்து 520 செ.மீ. நீளம், குறைந்தது 60 செ.மீ. அகலம் உள்ள காகிதச் சுருள் வேண்டும். சார்ட் தாள்களை இணைத்தும் செய்யலாம். ஆனால் பசை தடவினால் தாள் ஊறிச் சுருங்கி அளவு பிசகும், அதனால் பின்பக்கம் டேப் ஒட்டுங்கள். 8×5 செ.மீ. அட்டைகள் 40 போதும். கோட்டுக்குக் கீழே தரை, கடல் போக்குவரத்து. கோட்டுக்கு மேல் வானூர்தி. அதற்கும் மேல் விண்வெளி.

முதலில் பத்தாண்டுக் கோடுகளை மட்டும் போடுங்கள். அளவுநாடாவை முழுவதும் விரித்து வைத்து, 0, 20, 40, 60 என்று ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து குறிக்க வேண்டும். ஸ்கேலை இரண்டிரண்டு செ.மீ.யாக நகர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு நகர்த்தலிலும் அரை மி.மீ. பிழை சேர்ந்தாலே 250 முறையில் 12.5 செ.மீ. ஆகிவிடும். அதாவது ஆறு ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போகும்.

அட்டையின் இடத்தைக் கணக்கிட, ஆண்டிலிருந்து 1780-ஐக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். அந்த ஆண்டில் முடிந்துபோன ஒவ்வொரு மாதத்துக்கும் 1.7 மி.மீ. கூட்டுங்கள். மோங்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனில் இருவர் பாரிஸில் பறந்த 1783 நவம்பர் 21 என்பது 7.7 செ.மீ. ரைட் சகோதரர்கள் பறந்த 1903 டிசம்பர் 17 என்பது 247.9. அப்போலோ 11 நிலவில் இறங்கிய 1969 ஜூலை 379.0. பலூனிலிருந்து விமானத்துக்கு வர 240 செ.மீ., விமானத்திலிருந்து நிலவுக்கு வெறும் 131 செ.மீ. இதைக் கண்ணால் பார்க்க வைப்பதற்குத்தான் இவ்வளவு கணக்கும்.

சிக்கல் வருவது 1957–1972 பகுதியில். அங்கே 32 செ.மீ.க்குள் ஸ்புட்னிக் செயற்கைக்கோள், லூனா விண்கலங்கள், விண்வெளி வீரர்கள் ககாரின், தெரஷ்கோவா, லியோனவ், அப்போலோ நிலவுப் பயணங்கள் எல்லாம் வந்து முட்டிக்கொள்ளும். இடம் போதவில்லை என்று நடுவில் அளவை நீட்டிவிடாதீர்கள், முழுக் கோடும் பொய்யாகிவிடும். அந்த 16 ஆண்டுகளுக்கு மாதம் 1 செ.மீ. வீதம் 192 செ.மீ. நீளத்தில் தனிப்பட்டை செய்யுங்கள். அதில் ஸ்புட்னிக் 9-இலும் ககாரின் 51-இலும் அப்போலோ 11 விண்கலம் 150-இலும் வரும். இரு பட்டைகளின் அளவும் வேறு என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, தள்ளி வேறு சுவரில் மாட்டுவது நல்லது. அருகருகே வைத்தால் பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுவிடுவார்.

இனி அட்டையில் என்ன எழுதுவது என்பதற்கு வருவோம். பெரும்பாலான பிழைகள் ‘முதல்’ என்ற ஒரே சொல்லில் பிறக்கின்றன. ‘முதல் விமானப் பயணம், 1903’ என்று எழுதினால் தவறு. ‘மனிதரை ஏற்றிக்கொண்டு, காற்றைவிடக் கனமான, எஞ்சின் பொருத்திய ஊர்தியில், கட்டுப்பாட்டுடன் தொடர்ந்து பறந்த முதல் பயணம்’ என்பதே சரி. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு அடைமொழியாக நீக்கிப் பாருங்கள், வேறொருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். ‘எஞ்சின்’ போனால் 1891-இல் கிளைடரில் பறக்கத் தொடங்கிய ஓட்டோ லிலியென்தால். ‘மனிதர்’ போனால் 1896 மே 6 அன்று பறந்த அமெரிக்க ஆய்வாளர் லாங்லியின் ஆளில்லா நீராவி விமான மாதிரி. ‘காற்றைவிடக் கனமான’ போனால் 1783 பலூன். லிண்ட்பெர்க் 1927-இல் அட்லாண்டிக்கைக் கடந்ததிலும் ‘தனியாக’ என்பதை விட்டால், 1919-இலேயே இடைநில்லாமல் கடந்த ஆல்காக்கும் பிரவுனும் முந்திக்கொள்வார்கள். நீக்கினாலும் எதுவும் மாறாத அடைமொழி அலங்காரம்தான், அதை அடித்துவிடுங்கள்.

எந்த நாள் என்பதிலும் கவனம் வேண்டும். ஒலியைவிட வேகமான பயணிகள் விமானம் கான்கார்ட் முதலில் பறந்தது 1969 மார்ச் 2, பயணிகள் சேவை தொடங்கியது 1976 ஜனவரி 21. ஏழாண்டு இடைவெளி இருப்பதால் ‘சோதனை’ அல்லது ‘சேவை’ என்று குறிக்காத அட்டையை நம்ப முடியாது. விண்கலங்களில் வாயேஜர் 2 ஏவப்பட்டது 1977 ஆகஸ்ட் 20, வாயேஜர் 1 செப்டம்பர் 5. எண் வரிசையை நம்பி ஒட்டினால் இரண்டும் இடம் மாறிவிடும்.

நேர மண்டலமும் ஏமாற்றும். அப்போலோ 11 கிரீன்விச் நேரப்படி ஜூலை 20 இரவு 8:17-க்கு இறங்கியது. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது ஜூலை 21 அதிகாலை 2:56. ஹூஸ்டனில் அப்போதும் ஜூலை 20 இரவுதான். லூனா 2 நிலவில் மோதியது கிரீன்விச்சில் 1959 செப்டம்பர் 13, மாஸ்கோவில் 14. எல்லா அட்டைக்கும் கிரீன்விச் என்று முடிவு செய்து அதையே பின்பற்றுங்கள். 1918-க்கு முந்தைய ரஷ்ய நாள்கள் ஜூலியன் நாள்காட்டியில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்ட வேண்டும். ரஷ்ய ராக்கெட் அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி பிறந்தது 1857 செப்டம்பர் 5 என்றும் 17 என்றும் இருப்பது இதனால்தான்.

அடி, மைல் கணக்கை மாற்றும்போது இல்லாத துல்லியத்தைச் சேர்க்காதீர்கள். ரைட்டின் முதல் பயணம் 12 விநாடி, 120 அடி. அதை 36.576 மீட்டர் என்று எழுதக் கூடாது, சுமார் 37 மீட்டர் போதும். கடல் மைலா (1.852 கி.மீ.), சாதாரண மைலா (1.609 கி.மீ.) என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விபத்துகளையும் விடாதீர்கள். 1954-இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதைந்தபின் நடந்த ஆய்வு, காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கியதில் உலோகம் களைத்து விரிசல் விட்டதைக் காட்டியது. பின்னால் வந்த விமானங்களின் வடிவமைப்பை அது மாற்றியது. அத்தகைய அட்டைக்குச் சிவப்பு ஓரம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு தையல் நூல் கட்டுங்கள். செவ்வாயில் 2021 ஏப்ரல் 19 அன்று 39 விநாடி பறந்த இன்ஜெனுயிட்டி என்ற சிறு ஹெலிகாப்டர், ரைட் விமான இறக்கைத் துணியின் சிறு துண்டைச் சுமந்து சென்றது. அதன் இடம் 482.5 செ.மீ. 247.9-இல் ஒரு குண்டூசி, 482.5-இல் ஒன்று, நடுவே 234.6 செ.மீ. நூல், முடிச்சுக்கு 10 செ.மீ. கூடுதல். நூல் தொய்யாமல் இருக்க இடையில் மூன்று இடங்களில் ஊசி குத்துங்கள்.