மைக் இல்லாமல், 2 கட்டையில்: பிள்ளைகளோடு நாட்டுப்பாட்டு

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து ஃபிளாட் ஹாலில் ஐந்தாறு பிள்ளைகளை வைத்துத் தாலாட்டும் கும்மியும் பாட மைக், கரோக்கே எதுவும் வேண்டாம். ஸ்பீக்கர் அலறினால் பிள்ளைகளும் கத்தத்தான் செய்வார்கள். தன் குரல் தன் காதில் விழுந்தால்தான் சுருதி சேரும்.

பிசகுவது பெரும்பாலும் அந்தச் சுருதியில்தான். கட்டை என்பது ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டை எண்: 1 என்றால் சி, 2 என்றால் டி, 5 என்றால் ஜி. அம்மாக்கள் தங்களுக்கு வாகான கீழ் 5 கட்டையில் எடுப்பார்கள், அப்பாக்கள் இன்னும் கீழே. நாலைந்து வயதுக் குரல் அவ்வளவு கீழே இறங்காது. பிள்ளை பாட்டை விட்டு வசனம்போல முணுமுணுக்கும். அந்தக் கீழ் 5-ஐவிட மேலே இருக்கும் நடு 2 கட்டையை ஸ-வாக வையுங்கள். ஸ முதல் ப வரை அந்தத் தொண்டைக்கு இதம். தாலாட்டு மெட்டுகள் பல அந்த ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கிவிடும். மேல் ஸ-வைத் தொடும் மெட்டு ஏழெட்டு வயது வரை காத்திருக்கட்டும்.

துணைக்கு உகுலேலே, நாலு தந்திக் குட்டி கிட்டார். நைலான் தந்தி என்பதால் பிஞ்சு விரல் அவ்வளவாக நோகாது. தந்திகள் ஜி, சி, ஈ, ஏ. இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளால் பிரிந்த கட்டம்) எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கேப்போ கிளிப்பை மாட்டி, அங்கிருந்து மூன்றாவது ஃப்ரெட்டில் ஏ தந்தியை மோதிர விரலால் அழுத்துங்கள். சி கார்டின் பிடிதான், ஆனால் ஒலிப்பது 2 கட்டை. மீட்டும் துண்டான பிக் வேண்டாம், கட்டைவிரல் சதையால், கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் வருடுங்கள். தந்திகள் உடலில் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் தகரம் தட்டின மாதிரி இருக்கும். புதுத் தந்தி முதல் சில நாட்கள் இறங்கிக்கொண்டே இருக்கும், பாட்டுக்குப் பாட்டு சரிபாருங்கள். வாசிக்கத் தெரியாதா? சுருதிப்பெட்டியே போதும்.

கஞ்சிரா (கையில் பிடித்துத் தட்டும் சின்னத் தோல் வாத்தியம்) வைத்திருந்தால், மும்பை மழையில் தோல் தொய்ந்து 'தொப்' என்னும். ஹேர் டிரையரை ஓரடி தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டினால் இறுகும். ஆத்திரப்பட்டுக் கிட்டே கொண்டுபோனால் தோல் பிளந்துவிடும். சின்னவர்கள் கையில் கிலுகிலுப்பை கொடுக்கலாம்: 200 மில்லி பாட்டிலில் 2 ஸ்பூன் கேழ்வரகு போட்டு, மூடியைச் சுற்றி டேப். அரிசி போட்டால் சத்தம் காதைக் குத்தும், ஆடி மாதத்துக்குள் வண்டும் வைக்கும்.

கும்மிக்குத் த-கி-ட, த-கி-ட. 'த'வில் மட்டும் கைதட்டல். மூன்றிலும் தட்டவிட்டால் வேகம் தானாக ஏறி, சொற்களை விழுங்கிவிடுவார்கள்.

பள்ளியில் இந்தியும் மராத்தியும் படிக்கும் பிள்ளைகள் என்று பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிப் போகும். ஒரு வரி நீங்கள், அதே வரி அவர்கள், இரண்டு தடவை. 'ழ' வரவில்லையென்று பாட்டை நிறுத்தித் திருத்த வேண்டாம். அடுத்த சுற்றில் அந்தச் சொல்லை நீங்கள் சற்று நீட்டிப் பாடுங்கள்.

மொத்தம் 15 நிமிடம். ஆட்டப்பாட்டு முதலில், தாலாட்டு கடைசியில். கடைசி 'ஆராரோ'வில் தந்தியை ஒரே ஒருமுறை வருடிவிட்டு, ஒலி முழுக்க அடங்கும்வரை பிடித்த விரலை எடுக்காதீர்கள். எடுத்தால் 'டக்'கென்று வெட்டும், அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளை கண்ணைத் திறந்துவிடும்.