லைசன் எழுத்துப் பரீட்சைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

தலவாக்கலை டவுனில் எனக்கு ஒரு சின்ன கொமியூனிகேஷன் கடை. போட்டோகொப்பி, ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது. மாலையில் ஆட்டோவும் ஓட்டுவேன். லைசன் எழுத்துப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் முதல் நாள் என்னிடம் வந்துதான் கொப்பி எடுப்பார்கள். எழுதி முடித்துத் திரும்பும்போதும் என்ன கேட்டார்கள் என்று ஒப்பித்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு பஸ் ஏறுவார்கள். வருடக்கணக்கில் கேட்டதில் எனக்குத் தெளிவான ஒன்று: வண்டியே தொடாத பிள்ளை பாஸாகிவிடுகிறது. மாமாவின் ஆட்டோவை ஒளித்து ஓட்டிப் பழகிய பையன்தான் கோட்டை விடுகிறான். (லைசன் இல்லாமல் ஓட்டினதற்கு அவனைத் தனியாகத் திட்ட வேண்டும்.) ரோட்டில் நாம் எப்படி ஓட்டுகிறோமோ அதை அவன் விடையாக எழுதிவிடுகிறான். வினாத்தாள் கேட்பது சட்டத்தை.

அதற்கு முன்னால் பேப்பர் வேலை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருத்துவச் சான்றிதழ் மூன்றையும் ஒரே மேசையில் வைத்து பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம்ம தோட்டப் பிள்ளைகளுக்கு இதில்தான் முதல் அடி விழுகிறது. சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, பிறந்த திகதி கூட மாறியிருக்கும். கவுன்டரில் போய் நின்ற பிறகு இது தெரிய வந்தால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனதுதான். வித்தியாசம் இருந்தால் முதலில் கிராம சேவகரிடம், அப்புறம் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் விசாரித்துச் சரி செய்துகொண்டு, அதற்குப் பிறகு விண்ணப்பியுங்கள்.

மருத்துவச் சான்றிதழ் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். டவுனில் நமக்குத் தெரிந்த டொக்டர் எழுதித் தரும் துண்டு செல்லாது. கண்தான் அங்கே முக்கியமாகப் பார்ப்பார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் வெட்கப்படாமல் போட்டுக்கொண்டு போங்கள். அந்தச் சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள், எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று இருக்காதீர்கள்.

படிவத்தில் இரண்டு இடம் கவனம். ஒன்று வாகன வகை: மோட்டார் சைக்கிளுக்கு ஏ, ஆட்டோவுக்கு பி1, காருக்கும் வேனுக்கும் பி. இவற்றுக்கு 18 வயது, பெரிய பஸ், லொறி ஓட்ட 21. மற்றது மொழி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். லேர்னர்ஸ்காரர்கள், அதாவது வண்டி ஓட்டப் பழக்குகிற ஸ்கூல்காரர்கள், கட்டுக் கட்டாகப் படிவம் நிரப்புகிற அவசரத்தில் எல்லோருக்கும் ஒரே மொழியில் புள்ளடி போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் ஏ.எல். படித்த ஒரு தங்கச்சி சிங்கள வினாத்தாளை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தே விடை போட்டுவிட்டு வந்தாள். கையெழுத்து வைக்குமுன் அந்த இடத்தை நீங்களே வாசியுங்கள்.

சரி, படிப்பு. பழைய வினாத்தாள் கட்டு என் கடையிலும் இருக்கிறது, விற்பதில் எனக்கு லாபம்தான். ஆனாலும் விடையை மட்டும் வரிசையாகப் பாடம் பண்ணாதீர்கள். கேள்வியை ஒரு சொல் திருப்பிக் கேட்டால் போதும், பாடம் பண்ணினவன் மாட்டிக்கொள்வான். ஏன் அந்த விடை என்று தெரிந்துகொண்டால் எப்படித் திருப்பிக் கேட்டாலும் பிரச்சினை இல்லை.

உதாரணத்துக்கு நம்ம தோட்டத்து ரோட்டையே எடுங்கள். ஒரு வண்டி மட்டும் போகிற ஏற்றத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி சந்தித்தால் யார் ஒதுங்குவது? பெரிய வண்டிக்காரன் போவான், அதுதான் வழக்கம் என்பீர்கள். விடை அதுவல்ல. இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். பாரத்தோடு ஏறுகிற வண்டி பாதியில் நின்றால் மறுபடி கிளப்புவது கஷ்டம், பின்னால் உருளவும் கூடும். இறங்குகிறவர் பிரேக்கில் நிற்கலாம்.

அடுத்தது நியூட்ரல். நானுஓயாப் பக்கமிருந்து இறங்கும்போது கியரைக் கழற்றிவிட்டு பெற்றோல் மிச்சம் பிடிக்கிற ஆட்கள் நம்மில் நிறைய. அது தவறு. இறக்கத்தில் குறைந்த கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கிற மாதிரி இறக்க வேண்டும். முழுக்க பிரேக்கை நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும், அதுவும் சரியாகத் தேவைப்படுகிற வளைவில்.

வளைவில் முந்துவது. "ஹோன் அடித்துவிட்டு முந்தலாம்" என்று ஒரு விடை ஆசை காட்டும், அதைத் தொடாதீர்கள். வளைவு, ஏற்றத்தின் உச்சி, ஒடுங்கிய பாலம், பாதசாரிக் கடவை ஆகிய இடங்களில் முந்தவே கூடாது. ஹோன் நீங்கள் வருவதை அடுத்தவனுக்குச் சொல்லும், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று உங்களுக்குச் சொல்லாது. நடுவில் இரண்டு கோடு இருந்தால் உங்கள் பக்கத்துக் கோட்டைப் பாருங்கள். அது தொடர்கோடு என்றால் தாண்டக் கூடாது. உங்கள் பக்கம் விட்டு விட்டுப் போட்டிருந்தால், பாதை காலியாக இருக்கும்போது தாண்டலாம்.

டெவன் நீர்வீழ்ச்சி, சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரிகிற ஏ7 வீதியில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வளைவிலேயே வேனை நிறுத்திவிட்டு போட்டோ எடுப்பார்கள். எங்கெங்கே வாகனம் நிறுத்தக் கூடாது என்ற கேள்விக்கு அந்த இடம் ஒன்றே பாடம். ஏற்ற இறக்கத்தில் நிறுத்தும் முறையையும் கேட்கலாம். ஹேண்ட்பிரேக் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கியரும் சில்லும்தான் மறந்து போகும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியர், முன்சில்லு ரோட்டு ஓரத்தைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். ஓரக் கட்டு உள்ள ஏற்றத்தில் முதல் கியர், சில்லு நடு ரோட்டுப் பக்கம்.

பனிமூட்டம் நமக்குப் புதிதில்லை. அப்போது ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம்தான் சரி.

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறுகிற மற்றது, ஊரில் பார்க்காத விஷயங்கள். அதிவேக நெடுஞ்சாலை மலையில் கிடையாது, அதனால் காருக்கு அங்கே வேக எல்லை மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது மனதில் நிற்பதில்லை. நகரத்துக்குள் 50, வெளியே 70, ஆட்டோவுக்கு 40 என்று சேர்த்தே பாடமாக்குங்கள். சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். கண்டிக்கோ கொழும்புக்கோ போனால் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். போனை உள்ளே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அடையாளப் பலகைகளுக்குப் பயப்பட வேண்டாம். மஞ்சள் வைர வடிவம் என்றால் எச்சரிக்கை. சிவப்பு வட்டம் என்றால் ஏதோ ஒன்று கூடாது. நீல வட்டத்தில் வெள்ளை அம்பு இருந்தால் அப்படித்தான் போக வேண்டும். எண்கோணம் நில், தலைகீழ் முக்கோணம் வழி விடு. இந்த ஐந்தும் பிடிபட்டால் பெரும்பாலான படங்களை ஊகித்தே எழுதிவிடலாம். குழப்புவது இரண்டே. இரட்டை வளைவுப் படத்தை கீழிருந்து மேலே வாசியுங்கள், கோடு முதலில் எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் முதல் வளைவு. அப்புறம் நீலத்தில் சிவப்பாக ஒரு குறுக்குக் கோடு என்றால் வாகனத்தைத் தரித்து வைக்கக் கூடாது. பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு என்றால் ஆளை இறக்கக்கூட நிறுத்தக் கூடாது.

நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதியில் கனரக வாகனங்களுக்குத் தடை ஏன் என்று மறந்து போனவர்களுக்கு: 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். தடைப் பலகைப் படம் வினாத்தாளில் வரும்போது நம்ம பக்கத்துப் பிள்ளை பிழையாக எழுதினால் எனக்குக் கோபமே வருகிறது.

பரீட்சை அன்று அடையாள அட்டையின் அசலை எடுத்துப் போங்கள், என் கடைக் கொப்பியை நீட்டாதீர்கள். பேனை இரண்டு. நுவரெலியா என்றால் கம்பளிச் சட்டை, கை விறைத்தால் எழுத்து ஓடாது. ஹட்டன் பக்கமிருந்து போகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், மழைக்கு மண் சரிந்தால் எந்த பஸ்ஸும் நேரத்துக்குப் போகாது. போனை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவனிடம் பேச வேண்டாம், தெரிந்த பையனாக இருந்தாலும்.

ஒரு மணித்தியாலம், 40 கேள்வி. நேரம் தாராளம். முதல் சுற்றில் தெரிந்ததை எழுதுங்கள், சந்தேகமானதைத் தாண்டிப் போய்ப் பிறகு திரும்பி வாருங்கள். தாண்டும்போது விடைத்தாளிலும் அந்த இலக்கத்தை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். ஒரு வரி இறங்கிப் போனால் அதற்குப் பிறகு எல்லாமே இறங்கிப் போகும். "பிழையான கூற்று எது" என்று கேட்டிருப்பதை "சரியான கூற்று" என்று வாசித்தவர்கள் மாதாமாதம் என் கடைக்கு வருகிறார்கள். கேள்வியின் கடைசிச் சொல் வரை வாசியுங்கள். இரண்டு விடை சரி போலத் தெரிந்தால், மற்றவருக்கு வழி விடுகிற, வேகத்தைக் குறைக்கிற விடைதான் அநேகமாகச் சரியாக இருக்கும்.

காசு கொடுத்தால் பாஸ் வாங்கித் தருகிறேன் என்று வெளியில் நிற்கிற ஆளிடம் பேச்சே வேண்டாம்.

பாஸானால் பழகுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அதற்கு 18 மாதம் செல்லுபடி, மூன்று மாதம் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குப் போகலாம். அதுவரை தனியாக ஓட்டக் கூடாது, லைசன் உள்ள பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓட்டப் பழகுகிறவர் என்று காட்டும் எல் பலகை முன்னும் பின்னும் வேண்டும். பின்னால் மட்டும் ஒட்டிக்கொண்டு போய் பொலிஸில் நிற்காதீர்கள். கடதாசி ஸ்டிக்கர் நம்ம மழைக்கு ஒரு கிழமைகூட தாங்காது, பிளாஸ்டிக்கில் வருவதை வாங்குங்கள்.