மீற்றர் போர்ட் அணைந்து அணைந்து எரிகிறதா? புதிது வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கார் ஓடிக்கொண்டிருக்கும், எஞ்சினிலும் ஒரு குறை இருக்காது. ஆனால் மீற்றர் முள்ளெல்லாம் திடீரென்று சைபருக்கு விழும், எச்சரிக்கை லைட்டுகள் கூட்டமாக எரியும், ஒரு பள்ளத்தைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி வந்துவிடும். கிறவல் ரோட்டுக் குலுக்கல், மாரி ஈரம், அறுவடைக் காலத்தில் வீட்டுப்பக்கம் வந்து சேரும் எலி என்று வன்னியில் வயரைக் கெடுக்கக் காரணங்கள் நிறைய. அப்படியிருக்க, எடுத்த எடுப்பிலேயே "போர்ட் போய்விட்டது, வேறொன்று போடுவோம்" என்று தொடங்குவது வீண்செலவு. போர்டைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

மீற்றர் போர்ட் தானாக எதையும் அளப்பது குறைவு. பல கார்களில் வேகத்தை ஏபிஎஸ் பெட்டியும் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் கம்பியூட்டர்), ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு), எஞ்சின் சூடு ஆகியவற்றை எஞ்சின் கம்பியூட்டரும் அனுப்புகின்றன. இந்தத் தகவலெல்லாம் கான் (CAN) என்ற தொடர்பு லைனில், அதாவது கான் ஹை, கான் லோ என்ற, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்களில் போய்வரும். போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறை இது. இரணைமடு வாய்க்காலில் பல வயல்கள் தண்ணீர் எடுப்பதுபோல, காரின் கம்பியூட்டர் பெட்டிகளெல்லாம் பொதுவாக இந்த ஒரே லைனில்தான் தொங்குகின்றன. ஓரிடம் உடைந்தால் வேறெங்கோ காயும்.

முதலில் கண்ணால் பாருங்கள். எது வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோல் முள் மட்டும் பிழை என்றால் அது பெரும்பாலும் டாங்கியில் உள்ள மிதவையின் கோளாறு. கான் லைனைத் தேட வேண்டாம். வேகமுள் விழுந்து ஏபிஎஸ் லைட்டும் எரிந்தால் ஏபிஎஸ் பக்கம் போங்கள். எல்லாமே ஒன்றாக அணைந்தால் போர்டின் கரண்ட், ஏர்த், கான் லைன் மூன்றையும் சந்தேகிக்கலாம்.

அடுத்தது பற்றரி. எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ற் அளவிலும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் இருந்தால் நல்லது. ஸ்ராட் பண்ணும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் முதலில் பற்றரியைச் சரிசெய்யுங்கள். வோல்ற் குறைந்தால் பெட்டிகள் ஒன்றையொன்று காணவில்லை என்று பொய்யாகவே முறையிடும். ஹைபிரிட் கார் என்றால் செம்மஞ்சள் நிறக் கேபிள்களில் கைவைக்கவே வேண்டாம். அது உயிராபத்து.

பிறகு, காரின் கம்பியூட்டர்கள் பதிந்து வைத்த கோளாறுக் கோட்களை (code) வாசிக்கும் ஸ்கானர். மலிவான புளூடூத் ஸ்கானர் பெரும்பாலும் எஞ்சினை மட்டுமே வாசிக்கும். ஏபிஎஸ், மீற்றர் இரண்டையும் வாசிக்கும் ஒன்றை இரவல் வாங்குங்கள். யூ (U) என்று தொடங்கும் கோட்கள்தான் தொடர்புக் கோளாறுகள். யூ0100 என்றால் எஞ்சின் கம்பியூட்டரோடு தொடர்பில்லை, யூ0121 என்றால் ஏபிஎஸ், யூ0155 என்றால் மீற்றர் போர்ட். யார் யாரைக் குறை சொல்கிறார் என்று பாருங்கள். எல்லாப் பெட்டியும் மீற்றரையே காணவில்லை என்றால் கோளாறு மீற்றரிலோ அதற்குப் போகும் கிளையிலோ இருக்கும். கோட்களை எழுதி வைத்து, அழித்து, ஓட்டிப் பார்த்துத் திரும்ப வாசியுங்கள். மீண்டும் வருவதைத்தான் துரத்த வேண்டும்.

இனி மல்ரிமீற்றர். இதை ஆறுதலாகச் செய்யுங்கள். பற்றரியின் நெகற்றிவைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். ஸ்ரியரிங்கின் கீழ், ஸ்கானரைப் பூட்டும் ஓபிடி (OBD) சொக்கற் இருக்கும். அகலமான வரிசையை மேலே வைத்துப் பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து 6ஆவது ஓட்டை கான் ஹை. அதற்கு நேர் கீழே உள்ள 14ஆவது கான் லோ. இரண்டுக்கும் இடையில் ஓம் அளந்தால் சுமார் 60 வர வேண்டும். லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால் வரும் கணக்கு அது. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. சைபருக்குக் கிட்ட வந்தால் இரண்டு வயரும் எங்கோ உரசுகின்றன. அப்போது பெட்டிகளின் சொக்கற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது அளவு மாறுகிறது என்று பாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சில கார்களில் ஒரு தடை மீற்றர் போர்டுக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அளந்தால் 120 வருவது இயல்புதான். கேற்வே பெட்டி (கான் லைன்களைப் பிரித்து இடையில் நின்று இணைக்கும் பெட்டி) உள்ள கார்களில் ஓபிடியில் 60 வந்தாலும் மீற்றர் இருக்கும் லைன் வேறாக இருக்கலாம். அங்கே மீற்றரின் சொக்கற்றில்தான் அளக்க வேண்டும்.

ஓம் சரியென்றால் பற்றரியைப் பூட்டி, சாவியை ஓனில் வைத்து வோல்ற் பாருங்கள். காரின் பொடிக்கு (இரும்பு உடம்புக்கு) எதிராக கான் ஹை 2.5க்குச் சற்று மேலேயும், கான் லோ சற்றுக் கீழேயும் நிற்கும். சைபர் என்றால் ஏர்த்தில் படுகிறது, 12 என்றால் கரண்ட் வயரில் படுகிறது. கான் வயரில் ரெஸ்ற் பல்ப்பை வைக்கவே கூடாது. வயரின் தோலை ஊசியால் குத்தியும் பார்க்காதீர்கள். அந்தத் துளையால் ஈரம் போய் அடுத்த மாரிக்குள் செம்பு பச்சை பிடித்துவிடும்.

மீற்றருக்குப் போகும் ஏர்த்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லைட்டுகளைப் போட்டுக்கொண்டு, மீற்றரின் ஏர்த் வயருக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் இடையில் வோல்ற் அளந்து பாருங்கள். 0.1க்கு மேல் போனால் ஏர்த் போல்ற்றைக் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கிப் பூட்டுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வந்தது போன்ற வெள்ளத்தில் நின்ற கார் என்றால் காப்பெற்றைத் தூக்கிக் கீழுள்ள சொக்கற்றுகளையும் பாருங்கள். சேறு காய்ந்த கோடு தெரியும்.

எலி கடித்த இடம் கிடைத்தால் ஈயம் பற்றவைத்துச் சுருங்கும் குழாய் போடுங்கள். இரண்டு வயரையும் முன்பிருந்தபடி முறுக்கியே விடவேண்டும். அந்த முறுக்குத்தான் வெளி மின் இரைச்சலைத் தடுக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் மீற்றர் பேசவில்லை என்றால் மட்டும் போர்டைக் கழற்றுங்கள். உள்ளே ஈயப் பற்றவைப்பில் வெடிப்பு விழுந்திருந்தால் இலத்திரனியல் திருத்துபவரிடம் கொடுத்துப் பழையதையே சரிசெய்வதுதான் என் தெரிவு. வேறு காரின் போர்டில் அந்தக் காரின் கிலோமீற்றர் வரும், சில கார்கள் ஸ்ராட்டும் ஆகாது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பழையதில் உள்ள கிலோமீற்றரைப் படமெடுத்து வையுங்கள். நாளைக்குக் காரை விற்கும்போது வாங்குபவருக்குக் காட்ட வேண்டும்.