மோட்டார் ஹோமுக்கு வேக்குவம் கிளீனர்: வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கடற்கரையில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது மோட்டார் ஹோமின், அதாவது தங்கிப் பயணிக்க வீடு போல அமைத்த வண்டியின், பக்கவாட்டுக் கதவை இழுத்துப் பாருங்கள். அது ஓடும் பள்ளத்தில் மணல் நெறுநெறுவென்று அரைபடும். ஆஸ்திரேலியாவில் கிரேட் ஓஷன் சாலை வழியாக முதல் முறை போய்வந்தபோது எங்கள் கதவு பாதியிலேயே இறுகி நின்றுவிட்டது. விளக்குமாறு அந்தப் பள்ளத்துக்குள் நுழையவில்லை. ஈரத்துணியால் துடைத்தோம், மணல் அப்பிக்கொண்டு இன்னும் இறுகியது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கினேன். வீட்டுக்கு வாங்குவதைப் போலவே யோசித்து வாங்கியதுதான் நான் செய்த தவறு.

அது 800 வாட் கருவி. வண்டியில் 1000 வாட் இன்வெர்ட்டர் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். மின்வசதி இல்லாத ஒரு முகாமில் சுவிட்சைப் போட்ட கணமே இன்வெர்ட்டர் அலறிவிட்டு அணைந்தது. மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் அதன் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நொடியைத் தாண்டியிருந்தாலும் நிலைமை நல்லதாக இருந்திருக்காது. 800 வாட்டை வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 67 ஆம்பியர். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 75 ஆம்பியரைத் தொடும். பத்து நிமிடம் ஓட்டினால் 12 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். (ஒரு வகை லெட்-ஆசிட்) பேட்டரியில் பாதியைத்தான் அதன் ஆயுளுக்குப் பங்கமில்லாமல் பயன்படுத்த முடியும். அந்தப் பாதியில் கால் பங்கைத் தரை சுத்தம் செய்வதற்கே கொடுத்துவிட்டால், இரவு ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் என்ன மிஞ்சும்?

ஆகவே கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதுதான். எப்போதும் மின் இணைப்புள்ள கேரவன் பார்க்கில்தான் தங்குவீர்கள் என்றால், வீட்டுக் கருவியே தாராளமாகப் போதும். காட்டோரத்திலும் கடலோரத்திலும் தங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

அடுத்த தவறு, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் கருவியிடம் வீட்டுக் கருவியின் வேலையை எதிர்பார்ப்பது. அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். அதாவது 120 முதல் 180 வாட் வரைதான் அது தாங்கும். இதற்கு மேல் இழுக்கும் கருவியைச் செருகினால் ஃபியூஸ் போய்விடும். மின்கம்பியின் நீளத்தையும் பாருங்கள். சாக்கெட் முன்பக்கம் டேஷ்போர்டில் இருக்கும், அழுக்கோ பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

இனி பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் பாஸ்கல் எண்ணுக்கு வருவோம். அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சுங்கள். கன்னம் குழியும், விரலும் ஒட்டிக்கொள்ளும், ஆனால் வாய்க்குள் ஒன்றும் வராது. அந்த இழுவிசையைத்தான் பாஸ்கல் சொல்கிறது. கருவியின் வாயை முழுவதும் அடைத்த நிலையில் எடுக்கும் அளவு அது. மணலைத் தூக்கிக்கொண்டு போவது ஓடும் காற்று. இழுவிசை, காற்றோட்டம் இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இரண்டையும் பெருக்கிச் சொல்வதே ‘ஏர் வாட்’. ஒரு நொடிக்கு 10 லிட்டர் காற்று, அப்போது இழுவிசை 5 கிலோ பாஸ்கல் என்றால் 50 ஏர் வாட். இந்த எண்ணை வெளியிடும் கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். வெறும் பாஸ்கலை மட்டும் பறைசாற்றும் பெட்டியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கம்பியில்லாத கருவியின் பேட்டரிக்குப் போடும் மில்லி ஆம்பியர்-மணியும் அப்படித்தான். ‘2500’ என்று போட்டிருந்தால் அதை வோல்ட்டோடு பெருக்கிப் பாருங்கள். 7.4 வோல்ட் என்றால் 18.5 வாட்-மணி, 21.6 வோல்ட் என்றால் 54. எண் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சக்தியோ மூன்று மடங்கு வேறுபடுகிறது. 54 வாட்-மணி பேட்டரியும்கூட 400 வாட் வேகத்தில் எட்டு நிமிடம்தான் தாங்கும். ‘40 நிமிடம்’ என்று விளம்பரம் சொன்னால், மிகக் குறைந்த வேகத்தில், சுழலும் பிரஷ் இல்லாமல் ஓட்டிய கணக்கு அது என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் ஹோமின் தரைக்கு எட்டு நிமிடமே போதும் என்பது வேறு விஷயம். நாய் வளர்க்கிறவர்களுக்கு மட்டும் போதாது. கம்பளத்தில் சிக்கிய முடிக்குச் சுழலும் பிரஷ் வேண்டும், அதற்கும் தனியாக மின்சாரம் போகும்.

கம்பியில்லாத கருவியை எப்படி சார்ஜ் செய்வது என்பதையும் வாங்குமுன்பே பார்த்துவிடுங்கள். யு.எஸ்.பி.-சி வழியாக சார்ஜ் ஆகும் கருவி இருந்தால் இன்வெர்ட்டரே தேவையில்லை. மகிட்டா, ரியோபி போன்ற நிறுவனங்களின் 18 வோல்ட் துளைப்பான் வீட்டில் இருந்தால், அதே பேட்டரியில் ஓடும் வேக்குவம் கிளீனரும் கிடைக்கும். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் லித்தியம் பேட்டரி விரைவில் தேய்ந்துபோகும், உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யவும் கூடாது. கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

வடிகட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. செம்மண் சாலையில் போய்வந்தவர்களுக்கு அந்தத் தூசி எவ்வளவு நுண்ணியது என்று தெரியும், அலமாரிக்குள் இருக்கும் தட்டில்கூடப் படிந்திருக்கும். சுமாரான வடிகட்டி என்றால் கருவி முன்னால் உறிஞ்சுவதைப் பின்னால் ஊதிவிடும், அந்தச் சின்ன அறையில் நீங்கள்தான் அதைச் சுவாசிக்க வேண்டும். ஹெப்பா என்பது நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி; ‘ஹெப்பா வகை’ என்ற மழுப்பலான சொல்லுக்குப் பதில், எச்13 போன்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய அளவுகோலின்படி எச்13 என்றால் பிடிக்கக் கடினமான நுண்துகளிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். கழுவிய வடிகட்டி காய ஒரு நாள் ஆகும், ஈரத்தோடு மாட்டினால் அடைத்துக்கொண்டு நாறும். இரண்டு வைத்துக்கொள்வதே நல்லது.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து கிடக்கும், வேக்குவம் கிளீனர் வேலை செய்வதும் அதே தரையில்தான். சாதாரண மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பொறி பறக்கும். வாயு நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவுகளைத் திறந்து வெளியேறுங்கள். முகாம் நெருப்பின் சாம்பலையும் உறிஞ்சாதீர்கள், ஆறியது போலத் தெரிகிற சாம்பலுக்குள் கங்கு ஒளிந்திருக்கும்.

கடைக்குப் போகும்போது கையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். வண்டியில் கருவியை வைக்கப்போகும் அலமாரியின் ஆழம், கதவுப் பள்ளத்தின் அகலம், இரண்டையும் முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கதவுப் பள்ளம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. இரண்டாவது முறை கடைக்குப் போனபோது, மெல்லிய முனையைக் கையில் எடுத்து அளந்து பார்த்த பிறகே விலையைக் கேட்டேன்.