வேண்டுதலில் தன்னலம் எவ்வளவு? சோதித்துப் பார்க்கும் முறை

வேண்டுதலை ஒரே வரியில் எழுதுங்கள். யாருக்கு, என்ன, எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். “எல்லாரும் நல்லா இருக்கணும்” என்பது சோதனைக்கு ஆகாது.

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு பிஎஸ்எல்இ. “மகளுக்கு பிஎஸ்எல்இயில் நல்ல புள்ளி வரணும்” என்று எழுதினால், கேட்பது புள்ளியா பள்ளி இடமா என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2021இலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. நான்கு பாடமும் சேர்ந்து 4 முதல் 32. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு இதைப் போடுவதில்லை. ஆகவே நல்ல புள்ளி கேட்பதால் யாருக்கும் நட்டமில்லை. பள்ளி இடம் அப்படியல்ல. பலர் விரும்பும் பள்ளியில் உங்கள் மகள் நுழைந்தால் இன்னொரு பிள்ளை வெளியே நிற்கும். அதுவும் சேர்ந்ததுதான் உங்கள் வேண்டுதல்.

அடுத்து, உங்களுக்குக் கிடைப்பதை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். நிறைவேறியது உங்களுக்குத் தெரியவே வராது; இன்னும் வேண்டுமா? பெயர் வேறொருவருக்குப் போகும், இன்னும் வேண்டுமா? பெரும்பாலும் இங்கேதான் இடறும்.

கழிக்கக் கடினமானது குற்றவுணர்வு. 1981இல் உளவியலாளர் டேனியல் பேட்சன் குழு அமெரிக்காவில் செய்த ஆய்வில், ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதாகக் காட்டினார்கள். பார்ப்பவர் எழுந்து போய்விடலாம். ஆனாலும் இரக்கம் மிகுந்தவர்களில் பெரும்பாலோர் அவள் இடத்தில் தாங்கள் உட்கார முன்வந்தார்கள். போயிருந்தால் மனம் உறுத்தும் என்ற பயமா? அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

பணத்தில் சோதிப்பது எளிது. சிங்கப்பூரில் வரிக்கழிவுக்குத் தகுதியுள்ள அறநிறுவனத்துக்கு அடையாள அட்டை எண்ணோடு 100 வெள்ளி கொடுத்தால், 2026 இறுதிவரை 250 வெள்ளிக்கு வரிக்கழிவு உண்டு. 7 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவருக்கு 17.50 வெள்ளி மிச்சம். மறுமைக்கு ஆகும் என்று கொடுப்பவரைச் சங்கப் புலவர் முடமோசியார் ‘அறவிலை வணிகன்’ என்றார். வருமான வரிக்கு ஆகும் என்று கொடுப்பவரை என்ன சொல்லியிருப்பாரோ! அதற்காக எண்ணைத் தராமல் விடுவது வீம்பு. கழிவை வாங்கி, அந்த 17.50ஐயும் கொடுத்துவிடுங்கள். மனம் எங்கே முணுமுணுக்கிறது என்று அப்போது தெரியும்.

வழக்கமான பிழை ஒன்று: “உதவினால் மகிழ்ச்சி வருகிறது, ஆக அதுவும் தன்னலமே.” ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜோசப் பட்லர் 1726லேயே இதை மறுத்துவிட்டார். பசியில்லாதவனுக்குச் சோறு ருசிக்காது. அடுத்தவர் நலத்தில் ஆசை இல்லாதவருக்கு அதில் மகிழ்ச்சியும் வராது. எனவே மகிழ்ச்சியைக் கழிக்க வேண்டாம்.

பழகிப் பார்க்க இரத்த வங்கி நல்ல இடம். காசு கிடையாது, யாருக்குப் போகிறது என்ற பெயரும் தெரியாது. முதல்முறை போனதைப் படமெடுத்துப் போடாதீர்கள். முழு இரத்தம் கொடுத்தால் அடுத்த முறைக்கு 12 வார இடைவெளி வேண்டும். கணக்கில் எடுக்க வேண்டியது அந்த இரண்டாம் முறையைத்தான்.