சின்ன போலந்து ஊரின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

முதலில், 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்று பாருங்கள். 1772, 1793, 1795 பிரிவினைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஆவணம் எந்த மொழியில் கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது. ஆஸ்திரியப் பகுதியின் தேவாலயப் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில், கட்டம் கட்டமாக இருக்கும். பிரஷ்யப் பகுதியில் 1874 முதல் அரசுப் பதிவுகள் ஜெர்மனில். தலைவலி ரஷ்யப் பகுதியில்தான்.

விஸ்துலா ஆற்றின் வலக்கரையில், லூப்ளின் மாகாணத்தில் உள்ள கஜிமியெஷ் டோல்னி அப்படிப்பட்ட ஊர். ‘டோல்னி’யை விட்டுவிட்டுத் தேடினால் கிராக்கூவ் நகரின் கஜிமியெஷ் பகுதிதான் வந்து நிற்கும். போலிஷில் ஊர்ப்பெயரின் கடைசியும் வாக்கியத்தில் வரும் இடத்துக்கு ஏற்ப மாறும். அதனால் பெயரின் முன்பகுதியை மட்டும் போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

அரசு ஆவணக் காப்பகங்களின் ‘ஷுகாய் வ் அர்ஹிவாஹ்’ (Szukaj w Archiwach) தளம் இலவசம். ரஷ்யப் பகுதியின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் 1868 வரை போலிஷில், பிறகு முதல் உலகப் போர்க்காலம் வரை ரஷ்ய மொழியில். ஒவ்வொரு பதிவும் ஒரே நீளப் பத்தி. வயதும் தேதியும்கூட எழுத்தில். முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். வழக்கமாக ஆண்டின் கடைசியில் பெயர்ப்பட்டியல் இருக்கும். அதில் பதிவு எண்ணைப் பிடித்து, பக்க ஓரத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். ரஷ்யப் பதிவில் தேதி இரட்டையாக வரும். மே 3/15 என்றால் முந்தையது ரஷ்யாவில் அன்று இருந்த பழைய ஜூலியன் நாட்காட்டி, பிந்தையது இன்றைய நாட்காட்டி. பிந்தையதைக் குறித்துக்கொள்ளுங்கள். யூதக் குடும்பங்களுக்கு 1826 முதல் தனிப் பதிவேடு. அதற்குப் பிந்தைய கத்தோலிக்கப் பதிவேட்டைப் புரட்டுவது வீண் வேலை.

நகரப் பட்டியலில் பெயரே இல்லையா? ரஷ்ய ஆட்சியை எதிர்த்த 1863 எழுச்சிக்குப் பின், 1869-இல் வந்த ரஷ்ய ஆணையால் 300-க்கும் மேற்பட்ட ஊர்கள் நகர அந்தஸ்தை இழந்தன. கஜிமியெஷ் டோல்னியும் அதில் ஒன்று; 1927-இல்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ‘ஒசாதா’, அதாவது குடியிருப்பு, என்ற தலைப்பின்கீழ் தேடுங்கள்.

நில அமைப்புக்கு, இரு உலகப் போர்களுக்கு இடையே போலந்து ராணுவம் அச்சிட்ட 1:1,00,000 வரைபடம் போதும். விஸ்துலா இங்கே மேட்டுநிலத்தைக் குறுகலாக அறுத்துக்கொண்டு போகிறது. ஊரின் பணமெல்லாம் அந்த ஆற்றில் வந்ததுதான்: தானியம் படகேறி கிதான்ஸ்க் துறைமுகம் போனது, ஆற்றோரம் களஞ்சியங்கள் எழுந்தன, சந்தைச் சதுக்கத்தில் 1615-இல் வணிகர்களான ப்ஷிபிவா சகோதரர்களின் சிற்ப வீடுகள் நின்றன. 17-ஆம் நூற்றாண்டின் ஸ்வீடன் போர் ஊரை அடித்தது. 1772-க்குப் பிறகு கீழ் விஸ்துலாவில் பிரஷ்யா போட்ட சுங்கவரி மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது.

ஊருக்கு வெளியே வரைபடத்தில் நெருக்கமாகத் தெரியும் கோடுகள், லோயெஸ் எனும், காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்மண்ணில் வெட்டுப்பட்ட பள்ளங்கள். பல இடங்களில் வண்டிப்பாதையே மழைநீரில் அரித்துப் பள்ளமானது. இருபுறமும் மண்சுவர் செங்குத்தாக நிற்கும். ‘கொஷெனியோவி டூவ்’ பள்ளத்தில் மரவேர்கள் அந்தச் சுவரிலிருந்து வெளியே தொங்கும். நேரில் போனால் மழை பெய்த மறுநாள் இறங்க வேண்டாம்: இந்த மண் நனைந்தால் சோப்பு போல வழுக்கும், சுவரும் சரியும்.